பதினான்கு பிரிக்ஸ்

மாங்கூழ் டப்பா அடுக்கும் அட்டைப்பெட்டியில்
என் நாவல், முப்பது பிரதி.
மூடியில் இன்னும் ‘இப்பக்கம் மேலே’ என்றிருக்கிறது.
கிருஷ்ணகிரி பங்கு மண்டபம், சனிக்கிழமை மாலை.
நாற்காலி நாற்பது, ஆட்கள் பதினேழு,
அதில் இருவர் மைக்செட்காரர்கள்.

பிலவேந்திரன் முதலில் வாசித்தார்.
எலத்தகிரிக்காரர், மின்வாரியத்தில் லைன்மேன்.
எருசலேம் ஊர்வலத்துக்குக் கழுதையை அவிழ்த்துக் கொடுத்தவன்
அன்று ராத்திரி முழுக்க
அது திரும்பி வருமா என்று
வெறுங்கயிற்றோடு உட்கார்ந்திருக்கிறான்.
இருநூற்றுப் பத்துப் பக்கம், அவ்வளவுதான் கதை.
“கம்பத்து மேலே ஜெபமும் வரியும் ஒன்றாக வரும்.
எது எதுவென்று
கீழே இறங்கித்தான் பிரிப்பேன்” என்றார்.

எப்சிபாள் எழுதுவது துப்பறியும் கதை.
பர்கூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.
பாடகர் குழுவில் கொலை, ஆர்மோனியப் பெட்டியில் கத்தி.
ஒவ்வொரு அத்தியாயத்துக்கு முன்னாலும் முழங்கால் போட்டு
பிணத்தை எங்கே ஒளிக்கலாம் ஆண்டவரே
என்று கேட்பாளாம்.
சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.
“பதில் வந்திருக்கிறது” என்றாள்,
“இரண்டு தடவை.”

அடுத்து நான்.
சலேத்மேரி, கூழ் ஆலையில் தரப் பரிசோதனை.
பெங்களூரா மாம்பழம் அரைபட்டு வரும்.
ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்து
வெளிச்சத்துக்கு எதிரே பார்ப்பேன்,
பதினான்கு பிரிக்ஸ் இனிப்பு இருந்தால் போகட்டும்.
மே, ஜூன், ஜூலை, இரவு ஷிஃப்ட்.
கொதிகலன் தணியும் இடைவெளியில்
லாட் நம்பர் நோட்டின் பின்பக்கம் எழுதினது.

கல் குவாரியில் மகனைப் பறிகொடுத்தவன் இஞ்ஞாசி.
பெரிய வெள்ளிக்கு மனைவி கோவிலுக்குள் போகிறாள்.
அவன் வெளியே
அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.
அந்த இடத்தில் முடித்துவிட்டேன்.

முன்வரிசையில் உபதேசியார் எழுந்தார்.
“எல்லாம் சரிம்மா.
கடைசியில அவன் உள்ளே போறானா, இல்லையா?”

தெரியாது என்றேன்.
சுவர் விசிறி இப்படியும் அப்படியும் தலையாட்டியது.
“சாட்சியில்லாத கதை எதற்கும்மா?”
குரலில் கோபமில்லை, கவலை.

என்னிடம் தரிசனம் கிடையாது. குரல் கேட்டதில்லை.
இருப்பதைச் சொன்னேன்.
இனிப்புக் குறைந்த லாட்டுக்குச் சர்க்கரைப்பாகு விடுவதுண்டு.
நூற்று நாற்பதாம் பக்கத்தில் நானும் விட்டுப் பார்த்தேன்.
இஞ்ஞாசியை மண்டியிட வைத்தேன், கண்ணீர் வைத்தேன்,
கோவில் மணியைக்கூட அடிக்க வைத்தேன்.
காலையில் படித்தால் அவன் அங்கே இல்லை.
அவன் சட்டைக்குள்
நான்தான் அழுதுகொண்டிருந்தேன்.
ஐந்து பக்கத்தையும் கிழித்தேன்.

பெயர், வயது, இடது கையில் நசுங்கிய விரல்
எல்லாம் நான் கொடுத்தது.
என் பேச்சை மட்டும் கேட்க மாட்டேன் என்கிறான்.
அவனை விட்டுப் போகவும் முடியவில்லை.
இப்படியொரு தவிப்பு
எனக்கு முன்னாலேயே ஒருவருக்கு இருந்திருக்கும் என்று
ஷிஃப்ட் முடிந்து கை கழுவும்போது தோன்றியது.
என் விசுவாசம் இப்போதைக்கு
அந்தக் குழாயடி அளவுதான், ஐயா.

உபதேசியார் உட்கார்ந்தார்.
ஒப்புக்கொண்டாரா, மூட்டுவலியா, தெரியவில்லை.

விற்றது, கழுதை நான்கு, கொலை ஒன்பது,
என்னுடையது மூன்று.
மூன்றாவதை வாங்கியவள்
நூறு ரூபாய்த் தாளின் மடிப்பைப் பிரித்து
“வூட்டுக்காரர் பேருக்கு எழுதுங்க,
உள்ளே வரமாட்டேன்னுட்டாரு” என்றாள்.
பேர் கேட்டேன், சொன்னாள்.
எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினேன்.

தூறல் பிடித்திருந்தது.
வாசலில் எங்கள் செருப்புகளை யாரோ
கூரைக்கடியில் நகர்த்தி வைத்திருந்தார்கள்.
சாலைக்கு எதிரே ஒருவர்
டிவிஎஸ் வண்டியின் சீட்டைக் கைக்குட்டையால் துடைத்தார்.
நனைந்தது. மறுபடி துடைத்தார்.

எப்சிபாள் கேட்டாள்,
“பர்கூர் கடைசி பஸ் போயிருக்குமா?”